கணிப்பொறியின் இரைச்சலும் சங்கத்தின் கணக்கும்

தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கு அதன் ஓசை நன்கு பழக்கமானது. நாடா ஓடும் ஒலியில் சிறு மாறுதல் தோன்றினாலும் அவர் கை தானே நின்றுவிடும். கிணற்று மேட்டிலுள்ள விவசாயியும் அத்தகையவரே. பம்புசெட்டின் ஓசை மாறினால், பாதி உறக்கத்திலும் எழுந்து சென்று பார்ப்பார். ஓசை மாறுவது யந்திரம் தன் குறையைச் சொல்லும் முறை என்பதை நம் அங்கத்தினருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே அங்கத்தினர் சங்க அலுவலகத்திற்கு வந்து, மேசையடியில் கணிப்பொறி கரகரவென்று இரைவதைக் கேட்டால், "அது அப்படித்தான்" என்று கூறிச் சென்றுவிடுகிறார். இந்த அலட்சியம் தகாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கைப்பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு

நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டில் தொடக்கக் கடன் சங்கம் தோன்றிய நாள் முதல், ஒரு நூற்றாண்டு காலம் சங்கத்தின் உயிர் கைப்பேரேட்டில் இருந்தது. இன்று அவ்வுயிர் கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டது. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றிற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலி, பங்குத் தொகை ஆகியவை கணிப்பொறியிலேயே பதிவாகின்றன. பேரேட்டைக் கரையான் அரிக்காமல் காத்தது போலவே, இதனையும் காக்கும் பொறுப்பு நம்முடையது.

நாம் அறிந்த ஒரு சங்கத்தில் நடந்ததைக் கூறுவோம். அங்குக் கணிப்பொறியின் பின்புறத்திலிருந்து ஆறு வார காலம் கரகரப்பு கேட்டது. பெட்டியைக் கையால் ஒரு தட்டுத் தட்டினால் ஓசை அடங்கும். அதுவே வைத்தியம் என்று அனைவரும் எண்ணியிருந்தனர். ஒரு நாள் காலை, கூலிப் பட்டுவாடாவிற்கு அங்கத்தினர் வந்து காத்திருக்கையில், தீய்ந்த நாற்றம் எழுந்து கணிப்பொறி அணைந்தது. மின்வழங்கிப் பெட்டியோடு கணக்குகள் அடங்கிய ஹார்டு டிஸ்க்கும் கெட்டிருந்தது. மறுபிரதியோ மூன்று மாதத்திற்கு முந்தையது. இறுதியில், அங்கத்தினர் கையிலிருந்த பாஸ் புத்தகங்களையும் துண்டுச் சீட்டுகளையும் வாங்கி, வரி வரியாக மீண்டும் எழுத நேர்ந்தது. சீட்டைப் பத்திரப்படுத்தாதவர் பாடு மிகவும் சங்கடமாயிற்று. சிறு விசிறி ஒன்றின் கரகரப்பைக் கேளாதிருந்ததன் விலை இது.

மின்வழங்கிப் பெட்டியின் வேலை

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டுவதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்மின்சாரம். இம்மாற்றத்தைச் செய்வதே எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டி. முதலில் மாறுமின்சாரத்தைச் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி மின்தேக்கிகளில் நிரப்பும். பிறகு அதனை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வழியாகத் தாழ்ந்த அழுத்தத்திற்கு இறக்கும். இவ்வேலையில் எழும் வெப்பத்தை வெளியேற்ற ஒரு விசிறி உண்டு.

விசிறி தளர்ந்தால் வெப்பம் ஏறும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில்வல்லார் கணக்கு. ஏற்கெனவே கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஆவடிப் பகுதியில், இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மின்தேக்கி தளர்ந்தால் வெளிவரும் மின்சாரத்தில் அலைவு மிகும். 12 வோல்ட் கம்பியில் 120 மில்லிவோல்ட் வரையிலும், மற்ற இரண்டில் 50 மில்லிவோல்ட் வரையிலும் அலைவு பொறுக்கத்தக்கது. அதற்கு மேற்பட்டால் கணிப்பொறி காரணமின்றி நிற்கும், பதிவுகள் பழுதாகும். காதுக்குக் கேட்கும் இரைச்சல், நாளடைவில் காதுக்குக் கேளாத இந்த இரைச்சலில் கொண்டு விடுகிறது.

ஓசைகளைப் பிரித்தறிதல்

எல்லா ஓசையும் தீங்கின் அறிகுறியல்ல. ஆகவே பிரித்தறிதல் இன்றியமையாதது.

முதலாவது, கரகரப்பு. காலையில் தொடங்கும்போது மிகுந்தும், சூடேறிய பின் குறைந்தும் கேட்குமாயின், விசிறியின் பேரிங்கில் எண்ணெய் வறண்டுவிட்டது என்று கொள்ளலாம். சில வாரங்களில் விசிறி நின்றுவிடக் கூடும்.

இரண்டாவது, டக டக என்ற ஒரே சீரான தட்டல். விசிறியின் இதழில் கம்பியோ, தூசிக் கட்டியோ உரசுகின்றது என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, காற்று வீசுவது போன்ற பேரிரைச்சல். வெப்பத்திற்கேற்ப விசிறி வேகம் கொள்ளுதல் இயல்பே. சித்திரை வெயிலில் இது கேட்டால் அஞ்ச வேண்டாம். குளிர்ந்த மார்கழிக் காலையிலும் கேட்டால், காற்று வழி அடைபட்டிருக்கிறது என்று அறிக.

நான்காவது, கொசுவின் ரீங்காரம் போன்ற மெல்லிய கீச்சொலி. வேலைப் பளுவிற்கேற்ப இது ஏறி இறங்கும். கம்பிச் சுருள்கள் அதிர்வதால் எழுவது. காதுக்கு இன்னலே அன்றி, பெரும்பாலும் ஆபத்து இல்லை.

ஐந்தாவது, 'உம்' என்ற தாழ்ந்த முழக்கம். இது பெரும்பாலும் யு.பி.எஸ். பெட்டியிலிருந்தே வரும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனுள் உள்ள டிரான்ஸ்பார்மரின் இரும்பு விநாடிக்கு நூறு முறை அதிர்கிறது.

ஆறாவது, படபடவென்று பொறி வெடிப்பது போன்ற ஒலி. அதனுடன் தீய்ந்த வாசனையும் சேர்ந்தால், உடனே சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுத்துவிட வேண்டும். மின்தேக்கி வெடித்திருக்கலாம்; பல்லி உள்ளே புகுந்து மாண்டதாகவும் இருக்கலாம். எதுவாயினும், காரணம் தெரியும் வரை மீண்டும் போட்டுப் பார்த்தல் கூடாது.

ஓசை எங்கிருந்து வருகிறது என்றறிய எளிய வழி உண்டு. கணிப்பொறியை அணைத்து, யு.பி.எஸ்.ஸை மட்டும் ஓடவிடுக. ஓசை நீடித்தால் குறை யு.பி.எஸ்.ஸில் உள்ளது. நின்றுவிட்டால், கணிப்பொறியை மீண்டும் இயக்கி, ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து, பெட்டியின் வெளிப்புறத்தில் இடம் இடமாகக் கேட்கலாம். பின்புறம் மின்கம்பி செருகும் இடத்தருகே ஓசை மிகுந்தால் அது மின்வழங்கி. நடுவில் மிகுந்தால் பிராசஸரின் விசிறி. முன்புறத்திலிருந்து 'கிளிக் கிளிக்' என்று கேட்டால் ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம்; அது மேலும் கவலைக்குரியது.

செய்ய வேண்டியன

முதற்காரியம் ஓசையை நிறுத்துவதன்று, கணக்கைக் காப்பது. இரைச்சல் கேட்ட அன்றே எல்லாப் பதிவுகளுக்கும் மறுபிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். பிறகே திருப்புளியை எடுக்கலாம்.

இரண்டாவது, தூசி நீக்குதல். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சாலைத் தூசியும், தறிக் கூடங்களில் மிதக்கும் பஞ்சுத் துகளும் விசிறிக்குப் பகை. பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கம்பளம் போல் படிந்துவிடும். கணிப்பொறியை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, ஆன் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, சற்றுப் பொறுத்துப் பக்க மூடியைத் திறக்க வேண்டும். உலர்ந்த தூரிகையாலும் ஊதுகருவியாலும் தூசியை வெளியேற்றுக. ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு மரக்குச்சியால் தடுத்துக் கொள்ளவேண்டும். இதனை மூன்று மாதத்திற்கு ஒருமுறை செய்தல் நலம்.

மூன்றாவது, இடத்தைச் சீர்செய்தல். பெட்டியின் பின்புறத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். தூசிக்கென்று தைத்த துணியுறையைப் போட்டபடியே கணிப்பொறியை இயக்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். அது கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் நடப்பதற்கு ஒப்பாகும். பெட்டியைத் தரையில் வைத்தலும் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததை நாம் மறந்துவிடலாகாது. நனைந்த பெட்டியை, முழுவதும் உலர்த்திச் சோதிக்காமல் மின்சாரத்தில் இணைத்தல் கூடவே கூடாது.

நான்காவது, எர்த் இணைப்பு. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால், மூன்றாம் முனைக்கு எர்த் இல்லை என்று பொருள். எலெக்ட்ரீஷியனை அழைத்து உடனே சரிசெய்தல் வேண்டும். இரண்டு முனைப் பிளக்கில் ஒட்டுப்போட்டு ஓட்டுதல் உயிருக்கே கேடாகும்.

செய்யத் தகாதது

மின்வழங்கிப் பெட்டியின் உறையை மட்டும் நாம் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்தேக்கிகள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக் கூடும். தேர்ந்த மெக்கானிக்கே அதைத் தொட வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாதிருப்பின், சீலை உடைக்காமல் விற்றவரிடமே அனுப்புக.

புதியது வாங்குதல்

பெரும்பாலும் பெட்டியையே மாற்றிவிடுவது சிக்கனம். ரிச்சி தெருவிற்குச் சென்றால் பலவகைப் பெட்டிகள் கிடைக்கும். அட்டையில் அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் கண்டு மயங்காதீர்கள். படம் வரையும் தனி அட்டை இல்லாத அலுவலகக் கணிப்பொறிக்கு நூறு வாட்டும் தேவைப்படுவது அரிது. நம்பத்தக்க 400 அல்லது 450 வாட் பெட்டி தாராளமாகப் போதும். 2004-இல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரை, பெட்டி மின்சாரத்தை வீணாக்காமைக்கு ஒரு சான்று. உத்தரவாதக் காலம், ரசீது, பழைய பெட்டியின் அளவு, இணைப்பு முனைகள் ஆகியவற்றைச் சரிபார்த்து வாங்க வேண்டும். பொருத்தியபின் கணிப்பொறியின் அமைப்புத் திரையில், 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் இடையே உள்ளதா என்று காணலாம். கழித்த பெட்டியைக் குப்பையில் எறியாமல், அனுமதி பெற்ற மின்கழிவு நிலையத்தில் சேர்த்தல் நம் கடமை.

கூட்டுறவின் வழி

ஒரு சங்கம் தனியே மாற்றுப் பெட்டி வாங்கி வைத்தல் செலவாகலாம். பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில் அண்மையிலுள்ள ஐந்து சங்கங்கள் சேர்ந்து ஒரே மாற்றுப் பெட்டியையும், ஒரு ஊதுகருவியையும், ஒரு நல்ல மல்டிமீட்டரையும் வாங்கி வைத்தால் ஒவ்வொன்றின் பங்கும் சிறிதாகும். எவரது கணிப்பொறி நின்றாலும் அன்று மாலைக்குள் வேலை தொடரும். தனித்து இயலாததைக் கூடிச் செய்தலே நம் இயக்கத்தின் அடிப்படையன்றோ?

காரியதரிசியும் எழுத்தரும் மட்டும் இதற்குப் பொறுப்பென்று எண்ணாமல், அங்கத்தினர் ஒவ்வொருவரும் காது கொடுக்க வேண்டும். தறிக்கும் பம்புசெட்டுக்கும் கொடுக்கும் காதில் ஒரு சிறு பங்கைச் சங்கத்தின் கணிப்பொறிக்கும் கொடுங்கள். உள்ளே இருப்பது உங்கள் உழைப்பின் கணக்கு.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. நம் சங்கக் கணிப்பொறியில் இப்போது கேட்கும் ஓசை மேற்கூறிய ஆறில் எவ்வகையினது?

2. கடைசி மறுபிரதி எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? அது எங்கே உள்ளது?

3. அண்டைச் சங்கங்களுடன் சேர்ந்து மாற்றுப் பெட்டி வாங்க அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாமா?