ஐந்தின் வர்க்கமூலம்

நமது சங்கத்தின் வாசகர் வட்டம் சென்ற முறை எடுத்துக்கொண்ட நூல் ஒரு சிறுவர் கதை. மேடலீன் லெங்கிள் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதி 1962-இல் வெளிவந்த ‘எ ரிங்கிள் இன் டைம்’. காலத்தில் ஒரு மடிப்பு என்று தமிழில் சொல்லலாம். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகத்தார் திருப்பியனுப்பிய இந்நூல், வெளிவந்த மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்றது. முதுகலை பயிலும் நாம் குழந்தைக் கதை படிப்பதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தனர். அவர்களுள் நானும் ஒருவன்.

கதை இதுதான். பௌதிக அறிஞரான மர்ரி, ஓர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கையில் காணாமற் போகிறார். மகள் மெக், ஐந்து வயதுத் தம்பி சார்லஸ் வாலஸ், தோழன் கால்வின் ஆகிய மூவரும் அவரைத் தேடிக் காமஸாட்ஸ் என்னும் வேற்றுக் கோளுக்குச் செல்கின்றனர். அங்கே ‘இட்’ என்னும் உடலற்ற மூளை ஆட்சி புரிகிறது. வீடுகளெல்லாம் ஒரே அச்சு. தெருவில் சிறுவர்கள் தட்டும் பந்துகள்கூட ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் விழுகின்றன. இங்கே எல்லாரும் சமம் என்கிறது இட். ஒன்றுபோல் இருப்பது வேறு, சமமாக இருப்பது வேறு என்று கத்துகிறாள் மெக்.

கணிதத் துறை நண்பர் ஒருவர் ‘டெஸரக்ட்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். 1888-இல் ஹிண்டன் வழங்கிய அச்சொல் நாற்பரிமாணக் கனசதுரத்தைக் குறிக்கும். அதற்கு 16 முனைகள், 32 விளிம்புகள். லெங்கிள் அம்மையாரோ அதை ஐந்தாம் பரிமாணம் என்கிறார். துணியை மடித்தால் அதன்மேல் ஊரும் பூச்சிக்குத் தூரம் மறைவதுபோல, வெளியை மடித்துக் கடக்கும் வழியாம். பெயர் தவறுதான். ஆனால் இந்நூலின் அறிவியலை அங்கே தேடுவது வீண் என்பது என் துணிபு.

அது வேறோரிடத்தில் இருக்கிறது. இட்டின் ஆயுதம் தாளம். அதன் துடிப்பு, எதிரில் நிற்பவரின் மூச்சையும் நெஞ்சையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. அதை எதிர்க்க மெக் தனிம அட்டவணையை ஒப்பிக்கிறாள், ஹைட்ரஜன், ஹீலியம் என்று அணு எண் முறைப்படி. தந்தை இடைமறிக்கிறார். அதில் தாளம் மிகுதி. ஐந்தின் வர்க்கமூலம் என்ன?

இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். நாம் வாய்ப்பாடு கற்றது எப்படி? வகுப்பு முழுவதும் ஒரே இராகத்தில், உடல் அசைய அசைய. ஏழு பதினாறு எவ்வளவு என்று திடீரெனக் கேட்டால் இன்றும் எனக்கு வராது. முதலிலிருந்து பாடிக்கொண்டு வரவேண்டும். தனிம அட்டவணையும் அப்படியே பாட்டாகிவிட்டது. பாட்டுக்குச் சிந்தனை வேண்டியதில்லை. ஆகவே இன்னொரு தாளம் அதை எளிதில் கவர்ந்துகொள்ளும். ஐந்தின் வர்க்கமூலமோ விகிதமுறா எண். அதன் தசம இலக்கங்கள் முடிவதுமில்லை. ஒரே தொகுதியாகத் திரும்பத் திரும்ப வருவதுமில்லை. தாளம் பிடிக்க அதில் இடமேது?

மெக் 2.236 என்கிறாள். அதை அதனாலேயே பெருக்கினால் ஐந்து என்று வெற்றியோடு கூவுகிறாள். (பெருக்கிப் பார்த்தேன், 4.999696 வருகிறது. அவளுக்கிருந்த நெருக்கடியில் நான் அவ்வளவுகூடச் சொல்லியிருக்கமாட்டேன்.) உடனே ஏழின் வர்க்கமூலத்தைக் கேட்கிறார் தந்தை. அவளால் இயலவில்லை. கணக்கு அவளைக் காத்தது ஒரு கணந்தான்.

பிறகு நடப்பதுதான் வட்டத்தில் வாக்குவாதத்தை மூட்டியது. இட்டின் பிடியில் சிக்கிய சிறுவனை அங்கேயே விட்டுவிட்டு, மற்ற இருவரோடு தந்தை தப்பிச் செல்கிறார். கோழை என்றார் ஒருவர். மெக்கும் அவர்மீது சீறத்தான் சீறுகிறாள். தந்தை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வந்தவள் அல்லவா? நான் அவருக்காகப் பரிந்து பேசினேன். அந்த வழியைப் பற்றி அவர் அறிந்திருந்ததே சொற்பம். காக்க முடிந்தவர்களைக் காத்தார். தாமதித்திருந்தால் மூவரையும் இழந்திருப்பார் என்றேன். நன்றாகப் பேசியதாகவே நினைத்து உட்கார்ந்தேன்.

“அது உங்கள் தம்பியாக இருந்தால்?” என்று கேட்டார் ஒரு தோழி.

மெக் தனியாகத் திரும்பிப் போகிறாள். தந்தையைவிடத் தம்பியை அறிந்தவள் அவளே. இம்முறை அவள் எதையும் ஒப்பிக்கவில்லை, கணக்கும் போடவில்லை. தம்பியைப் பார்த்து, அவன்மேல் தனக்குள்ள அன்பைச் சொல்லிக்கொண்டே நிற்கிறாள், அவன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்ளும் வரையில்.