புதியதா, சிறந்ததா?

நுழையும்முன்

ஒரு மருந்து நோயைத் தீர்க்கிறது என்று எதைக் கொண்டு நம்புகிறோம்? சொன்னவர் மீதுள்ள மதிப்பா, விலையா, விளம்பரமா? மதுரையில் நடைபெற்ற இரண்டு கண் மருத்துவ ஆய்வுகளின் துணையோடு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

காக்கையும் பனம்பழமும்

மதுரையைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் அறுவடைக் காலம். கதிரடிக்கும்போது நெல்லின் சுணையோ வைக்கோல் துரும்போ உழவரின் கண்ணில் பட்டுவிடுகிறது. கண் சிவந்து நீர் வடிகிறது. அருகில் இருப்பவர் பச்சிலைச் சாறு பிழிந்து விடச் சொல்கிறார். இரண்டு நாளில் கண் தெளிந்துவிட்டால், ‘அந்தச் சாறுதான் கண்ணைக் காப்பாற்றியது’ என்ற பேச்சு ஊரெங்கும் பரவுகிறது.

கருவிழியின் மேற்பரப்பில் உண்டாகும் சிறு கீறல், பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே ஆறிவிடும் இயல்புடையது. சாறு விடாதிருந்தாலும் அது ஆறியிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. மேலும், குணமடைந்தவர் தம் அனுபவத்தைப் பத்துப் பேரிடம் சொல்வார். பார்வை இழந்தவரின் கதையோ வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும். எனவே, நம் காதில் விழுவது பாதிக் கணக்கு மட்டுமே.

கீறலின் வழியே பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைந்துவிட்டால் கருவிழியில் புண் உண்டாகிறது. உரிய காலத்தில் மருத்துவம் செய்யாவிட்டால் பார்வையே போய்விடலாம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுவதாக 1996-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் கணக்கிடப்பட்டதைப் போல இது ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகும்.

நடுநிலையான ஒப்பீடு

இரண்டு சிகிச்சைகளுள் எது சிறந்தது என அறிய, அவற்றை ஒப்பிட வேண்டும். ஆனால், நோய் முற்றாதவர்களுக்கு ஒரு மருந்தையும் முற்றியவர்களுக்கு வேறொரு மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டால் முடிவு பிழையாகும். உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். விருப்பு வெறுப்புக்கு இடமின்றிக் குடத்திலிருந்து ஓலை எடுக்கப்பட்டது. அதுபோலவே, எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் முடிவு செய்கின்றனர். போதுமான எண்ணிக்கையில் நோயாளிகள் இருந்தால், வயது, நோயின் கடுமை, உடல்வலிமை ஆகியவை இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாக அமையும். பின்னர்க் காணப்படும் வேறுபாட்டுக்குச் சிகிச்சையே காரணம் என உறுதியாகக் கூற முடியும்.

வென்றது புதிய வில்லை

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அக்காலத்தில் கண்புரை அறுவையின்போது கண்ணின் வில்லையை அதன் உறையோடு முழுமையாக அகற்றுவதே பரவலான வழக்கம். அதன்பின் நோயாளி தடித்த கண்ணாடி அணிய வேண்டும். அக்கண்ணாடி வழியே பொருள்கள் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டுப் பார்வை குறுகும். கண்ணாடி உடைந்தால் மீண்டும் இருளே. உறையை விட்டுவைத்து, அதனுள் செயற்கை வில்லையைப் பொருத்துவது புதிய முறை. அதற்குச் செலவு அதிகம்; கூடுதல் திறனும் வேண்டும். இலட்சக்கணக்கான ஏழை நோயாளிகள் உள்ள நாட்டுக்கு அம்முறை ஏற்றதா என்ற ஐயம் எழுந்தது.

இவ்வையத்தைத் தீர்க்க மதுரையில் ஓர் ஆய்வு நடைபெற்றது. கண்புரையால் இரு கண்களிலும் பார்வை இழந்த, 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 3,400 பேர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முடிவுகள் 1998-இல் வெளியாயின. இரு முறைகளாலும் பார்வை மீண்டது. எனினும், செயற்கை வில்லை பொருத்தப்பட்டோரின் பார்வையும் அன்றாட வாழ்வும் கூடுதலாக மேம்பட்டிருந்தன. இதற்கிடையே 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம், குறைந்த விலையில் செயற்கை வில்லைகளைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. பயன் உறுதிப்பட்டது, விலையும் எட்டும் அளவிற்கு வந்தது.

வென்றது பழைய மருந்து

அப்படியானால் புதியது எப்போதும் சிறந்தது எனக் கொள்ளலாமா? கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் என்னும் சொட்டு மருந்து நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. அது கருவிழிக்குள் எளிதில் ஊடுருவாது என்பது அதன் குறை. பின்னர் வந்த வோரிகோனசோல் நன்கு ஊடுருவும். ஆய்வகச் சோதனைகளில் பலவகைப் பூஞ்சைகளையும் கட்டுப்படுத்தியது. எனவே, புதிய மருந்தே சிறந்த பலன் தரும் என்று கண் மருத்துவர் பலர் எதிர்பார்த்தனர்.

மதுரை உள்ளிட்ட ஊர்களின் அரவிந்த் மருத்துவமனைகளும் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் இணைந்து, 2010 முதல் 323 நோயாளிகளைச் சேர்த்து இதனை ஆராய்ந்தன. யாருக்கு எம்மருந்து தரப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது. பலனை அளந்த மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், எதிர்பார்ப்பே கண்ணை மறைத்திருக்கும். 2013-இல் முடிவு வெளியானபோது எதிர்பார்ப்பு பொய்த்தது. மூன்று மாதங்களுக்குப் பின், நேட்டமைசின் பெற்றவர்கள் பார்வைப் பரிசோதனைப் பலகையில் சராசரியாக ஏறத்தாழ இரண்டு வரிகள் கூடுதலாகப் படித்தனர். கருவிழி துளைபடுவதும் மாற்றுக் கருவிழி அறுவை தேவைப்படுவதும் அவர்களிடையே குறைவாக இருந்தன. ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை தாக்கியவர்களிடம் இவ்வேறுபாடு இன்னும் மிகுதியாகக் காணப்பட்டது.

இவ்விரு ஆய்வறிக்கைகளையும் எழுதியோருள் ஒருவர் மருத்துவர் வெங்கடேஷ் பிரஜ்னா. ஒரே ஊரில், ஒரே மருத்துவமனையைச் சார்ந்து நடந்த ஆய்வுகளுள் ஒன்றில் புதியது வென்றது. மற்றொன்றில் பழையது வென்றது. பழமைப்பற்றோ புதுமை மோகமோ இவற்றை நமக்குச் சொல்லியிருக்க முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

மூட்டுவலி தீர்க்கும் காந்தக் காப்பு, நூறு விழுக்காடு உறுதி தரும் மருந்து என அன்றாடம் பல விளம்பரங்களைக் காண்கிறோம். அவற்றை நோக்கி நான்கு வினாக்களைக் கேட்கலாம். எதனோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? அவர்களை எவ்வாறு பிரித்தார்கள்? எதனை அளந்தார்கள்? ஆய்வகத் தட்டில் பூஞ்சை அழிவது வேறு. உழவரின் கண்ணில் பார்வை திரும்புவது வேறு. யார் கூறினாலும் ஆராய்ந்து தெளிவதையே அறிவென்று வள்ளுவம் போற்றுகிறது.

இச்சான்றுகள் எவராலும் எளிதில் பெறப்பட்டவை அல்ல. விளக்கம் கேட்டு, இசைவு தந்து, ஆய்வில் பங்கேற்ற எளிய மக்களின் கண்களிலிருந்து கிடைத்தவை. அவர்கள் தந்த விடைகள் இன்று பிற நாட்டு நோயாளிகளின் பார்வையையும் காக்க உதவுகின்றன. இனி, கண்ணில் சுணை பட்டு ஒருவர் உங்கள் வீட்டு வாயிலில் நின்றால், கைக்குக் கிடைத்த சாற்றையோ பழைய சொட்டு மருந்தையோ விடாமல், அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாம் அவர்களுக்குச் செய்யும் நன்றி அதுவே.

கற்பவை கற்றபின்

1. நாளிதழில் வரும் மருந்து அல்லது மருத்துவக் கருவி விளம்பரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாடத்திலுள்ள நான்கு வினாக்களுக்கும் அதில் விடை உள்ளதா எனக் குழுவாகக் கலந்துரையாடுக.
2. சொட்டு மருந்து ஆய்வில் மருந்தின் பெயர் மறைக்கப்பட்டது. கண்புரை ஆய்வில் நோயாளியிடம் சிகிச்சையை மறைக்க இயலாதது ஏன்? விளக்குக.
3. உங்கள் ஊரில் கண் காயத்திற்குச் செய்யப்படும் கைவைத்தியங்களைப் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றின் பயனை அறிய எவ்வகைச் சான்று தேவை என எழுதுக.