பொன்வண்டின் கண்ணுக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: என்னிடம் ஏபிஎஸ்-சி கேமராவும் 1 மடங்கு வரை போகும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் இருக்கின்றன. செத்துக் கிடக்கும் பொன்வண்டின் கண், வண்ணத்துப்பூச்சி இறகின் செதில்கள் ஆகியவற்றை ஃபோகஸ் ஸ்டாக்கிங் முறையில் எடுக்க ஆசை. லாவோவா 25 மி.மீ. வாங்குவதா, மைக்ரோஸ்கோப் அப்ஜெக்டிவ் வாங்குவதா?

பதில்: கண்ணுக்கு லாவோவா, செதிலுக்கு அப்ஜெக்டிவ். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லாவோவாவை வாங்குங்கள்.

அது 2.5 மடங்கிலிருந்து 5 மடங்கு வரை போகும். 5 மடங்கில் உங்கள் சென்சாருக்குள் சுமார் 4.5 மி.மீ. அகலம் விழும், பொன்வண்டின் ஒரு கண்ணுக்கு அது போதும். இந்த வேலைக்கு முன்பு பெயர் பெற்றிருந்தது கேனானின் எம்பி-ஈ 65. அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. பழையது கிடைத்தாலும், 4, 5 மடங்கில் லாவோவாவின் கூர்மையே எனக்குப் பிடிக்கிறது.

அபர்ச்சரில் மட்டும் கவனம் வேண்டும். உருப்பெருக்கம் கூடக்கூட அபர்ச்சர் உண்மையில் சுருங்கிக்கொண்டே போகும். 5 மடங்கில் எஃப் 2.8 என்பது ஏறக்குறைய எஃப் 17. எஃப் 8 வைத்தால் எஃப் 48! ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படமே குழைந்துவிடும். ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாக்கும் ஸ்டாக்கிங் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் 2.8க்கும் 4க்கும் இடையிலேயே இருங்கள். 2.8இல் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை 0.02 மி.மீ. நகர்த்தினால், 1 மி.மீ. ஆழத்துக்குச் சுமார் 50 படங்கள் வரும்.

செதில் வேறு உலகம். ஒரு செதிலின் நீளமே ஏறக்குறைய 0.1 மி.மீ.தான். அதன்மேல் ஓடும் வரிகள் தெரிய வேண்டுமானால் 10 மடங்கு அப்ஜெக்டிவ் தேவை. மிட்டுடோயோ நிறுவனத்தின் 10 மடங்கு அப்ஜெக்டிவை 200 மி.மீ. டெலி லென்ஸின் முன்னால் பொருத்தலாம். பூச்சிக்கும் அதற்கும் நடுவே 3 செ.மீ.க்கு மேல் இடம் கிடைப்பது பெரிய வசதி; விளக்கு வைக்க முடியும். மலிவான அப்ஜெக்டிவ்கள் பலவற்றில் அந்த இடைவெளி மிகக் குறைவு, லென்ஸின் நிழலே பூச்சிமேல் விழும். ஆனால் இங்கே ஒவ்வொரு நகர்வும் 0.005 மி.மீ. கேமராவை நகர்த்தும் ரெயிலைக் கையால் திருப்பி அதைச் செய்ய முடியாது. மோட்டார் ரெயிலின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எந்த லென்ஸானாலும் பொன்வண்டின் உலோகப் பளபளப்பு வெள்ளைத் திட்டுகளாக எரிந்துபோகும். டிரேசிங் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி வண்டைச் சுற்றி நிறுத்தி, வெளியிலிருந்து ஃப்ளாஷ் அடியுங்கள். ஃப்ளாஷின் சிறு மின்னலில் அதிர்வும் பதியாது.

உயிரோடு திரியும் பூச்சிகளுக்கு இவை இரண்டுமே தோதுப்படாது. உங்கள் 100 மி.மீ. லென்ஸின் முன் ரேநாக்ஸ் டிசிஆர்-250 மாட்டினால் ஏறக்குறைய 2 மடங்கு கிடைக்கும், ஆட்டோ ஃபோகஸும் கையில் இருக்கும்.