ஆயிரம் வாயில் அரண்மனை

கயல்விழியும் மௌமிதாவும் எட்டாம் வகுப்பில் ஒரே இருக்கையில் அமர்ந்து பயில்பவர்கள். கயல்விழியின் தந்தை நடுவண் அரசு அலுவலர். அவர் மாறுதல் பெற்றுக் குடும்பத்துடன் கொல்கத்தாவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மௌமிதாவின் தாத்தா இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வங்காளிகள் தாத்தாவைத் ‘தாது’ என்று அழைப்பர். தமிழில் அச்சொல்லுக்குக் கனிமம் என்னும் பொருள் உண்டு என்று கயல்விழி ஒருமுறை சொன்னாள். அன்றுமுதல் அம்முதியவர் தம்மைத் ‘தங்கத்தாது’ என்றே சொல்லிக்கொண்டு மகிழ்வார்.

சனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. முர்ஷிதாபாத்தில் உள்ள ஹசார்துவாரி அரண்மனையைக் காண அவர் இருவரையும் அழைத்துச் சென்றார். ‘ஹசார்’ என்றால் ஆயிரம். ‘துவாரி’ என்றால் வாயில்களை உடையது. வெள்ளிக்கிழமைகளில் அங்குள்ள அருங்காட்சியகம் மூடப்பட்டிருக்கும் என்பதால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார். கயல்விழியின் தாயும் உடன் வந்தார். மௌமிதா அவரைக் ‘காகிமா’ என்று அழைப்பாள். நம் ஊரில் ‘சித்தி’ என்பது போன்ற உறவுமுறை அது.

கொல்கத்தா நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் அவ்வண்டிக்கும் ஹசார்துவாரி விரைவு வண்டி என்றே பெயர். முர்ஷிதாபாத் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நைஹாட்டி, இராணாகாட், கிருஷ்ணநகர் என நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே சென்றன. இருபுறமும் கடுகு வயல்கள் மஞ்சள் விரித்தாற்போலக் கிடந்தன. ஜால்முரி விற்பவரின் தகர டப்பா ஓசை பெட்டி முழுவதும் ஒலித்தது. கயல்விழியின் தாய் புளியோதரை கட்டி வந்திருந்தார். மௌமிதாவின் பையில் ஈச்சம்வெல்லம் சேர்த்துச் செய்த சந்தேஷ் இருந்தது. பனிக்காலத்தில் மட்டுமே கிடைக்கும் இனிப்பு அது. ஆகையால் புளியோதரைக்கு முன்பே அது தீர்ந்துவிட்டது.

கிருஷ்ணநகரைக் கடந்து நெடுநேரம் சென்றபின் வண்டி ஒரு சிறிய நிலையத்தை நெருங்கியது. கயல்விழி பெயர்ப்பலகையை வங்க எழுத்தில் படித்தாள்.

“பலாசி. பிளாசிப் போர் நடந்த இடமா?”

“அதே பலாசிதான். ஆங்கிலேயர் நாவில் அது பிளாசி ஆயிற்று. முன்பு இங்கே பலாச மரங்கள் மிகுதியாக இருந்தனவாம்” என்றார் தாது.

“பலாச மரத்தை நாம் புரசு என்போம், கயல்” என்றார் அவளுடைய தாய். “இளவேனில் வந்தால் இலைகள் உதிர்ந்து, மரம் முழுவதும் தீப்பிடித்தாற்போலப் பூக்கும். சென்னையில் புரசைவாக்கம் என்னும் ஊர்ப்பெயரும் அம்மரத்தால் வந்ததே.”

பின்னர்த் தாது பலாசியின் கதையைச் சொல்லத் தொடங்கினார். 1756ஆம் ஆண்டு சூன் மாதத்தில் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கொல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினார். அச்செய்தி சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எட்டியது. அக்டோபர் மாதத்தில் இராபர்ட் கிளைவும் கடற்படைத் தலைவர் வாட்சனும் சென்னையிலிருந்து படையுடன் கப்பலேறினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1757 சூன் 23ஆம் நாள் பலாசியின் மாந்தோப்பருகே இரு படைகளும் எதிர்நின்றன. கிளைவிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். நவாபின் படையோ அதைப்போலப் பன்மடங்கு பெரியது. நண்பகலில் பெருமழை பெய்தது. ஆங்கிலேயர் தம் வெடிமருந்தை மூடிக் காத்தனர். நவாபின் வெடிமருந்து நனைந்துபோனது. எனினும் போரை முடித்தது மழையன்று. நவாபின் தளபதி மீர் ஜாபர் கிளைவுடன் மறைவாக உடன்படிக்கை செய்திருந்தார். அவர் தம் படையுடன் களத்தில் அசையாமல் நின்றார். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. சில நாள்களில் சிராஜ் கொல்லப்பட்டார். மீர் ஜாபர் நவாப் ஆனார்.

“கிளைவின் படையில் எல்லோரும் ஆங்கிலேயர்களா?” என்று மௌமிதா கேட்டாள்.

“இல்லை. 2,000க்கும் மேற்பட்டோர் இந்தியச் சிப்பாய்கள். சென்னையிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.”

மௌமிதா கயல்விழியின் பக்கம் திரும்பினாள். “அப்படியானால் உன் ஊர்க்காரர்கள் வந்துதான் எங்கள் நவாபைத் தோற்கடித்தார்கள்!”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால், கயல்விழியின் முகம் வாடிவிட்டது. பள்ளியில் சேர்ந்த புதிதில் சில மாணவர்கள் அவளை ‘மத்ராசி’ என்று அழைத்ததுண்டு. அப்போதெல்லாம் அவளுக்காகப் பரிந்து பேசியவள் மௌமிதா. இன்று அவள் வாயிலிருந்தே ‘உன் ஊர், எங்கள் நவாப்’ என்னும் சொற்கள் வந்துவிட்டன. கயல்விழி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முர்ஷிதாபாத் வரும்வரை அவள் பேசவில்லை.

நிலையத்திலிருந்து மின்கல ரிக்‌ஷாவில் அரண்மனைக்குச் சென்றார்கள். கொல்கத்தாவில் போலவே அங்கும் அதை ‘டோட்டோ’ என்கிறார்கள். பாகீரதி ஆற்றங்கரையில், பரந்த புல்வெளிக்கு நடுவே மஞ்சள் வண்ண மாளிகை எழுந்து நின்றது. முகப்பில் பருத்த தூண்கள். அவற்றை நோக்கி ஏறும் அகன்ற கற்படிகள். எதிரே வெண்ணிற இமாம்பாரா நீண்டு கிடந்தது. பழைய இமாம்பாரா 1846இல் தீக்கிரையானபின், அடுத்த ஆண்டில் கட்டப்பட்டது அது. இரண்டிற்கும் இடையே ஒரு மணிக்கூண்டும் ஒரு பழைய பீரங்கியும் இருந்தன.

இம்மாளிகையைக் கட்டியவர் நவாப் ஹுமாயூன் ஜா. இவர் மீர் ஜாபரின் வழித்தோன்றல். 1829இல் தொடங்கிய பணி 1837இல் நிறைவுற்றது. கட்டட வரைவை அமைத்தவர் டங்கன் மக்லியோட் என்னும் ஆங்கிலேயப் படைப் பொறியாளர். இன்று இது இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வாள்கள், ஈட்டிகள், தந்தப் பொருள்கள், ஓவியங்கள், பழைய நூல்கள் எனக் கூடம் கூடமாகக் காட்சிப் பொருள்கள் உள்ளன. அரசவைக் கூடத்தில் வெள்ளி அரியணையும் அதன்மேல் தொங்கும் பெரிய சரவிளக்கும் யாரையும் நிற்கவைக்கும்.

ஆனால், பிள்ளைகள் தேடியது கதவுகளை. ஆயிரம் கதவுகளில் ஏறத்தாழ நூறு பொய்க்கதவுகள். அவை மரக்கதவுகள் போலவே தோன்றும். அருகே சென்றால்தான் அவை சுவரின் பகுதி என்பது தெரியும். மௌமிதா ஒன்றைத் தட்டிப் பார்க்கக் கையை ஓங்கினாள். காவலர் பார்ப்பதைக் கண்டு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு வழிகாட்டி வேறொரு குழுவினருக்கு உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். எதிரிகள் உள்ளே புகுந்தால் தப்பிச்செல்ல வழி தெரியாமல் திகைக்கவேண்டும் என்பதற்காகவே பொய்க்கதவுகள் அமைக்கப்பட்டன என்றார். கூட்டத்தினர் வியந்து தலையசைத்தனர்.

கயல்விழி நெடுநேரத்துக்குப்பின் வாய் திறந்தாள். “எந்த எதிரி, தாது?”

தாது அவளை உற்றுநோக்கினார்.

“1829இல் படை முழுவதும் கம்பெனியிடம் இருந்தது. வரி வாங்குவதும் கம்பெனிதான். கட்டடத்தை வரைந்தவரும் கம்பெனியின் பொறியாளர்தான். அப்படியிருக்க, நவாபை எதிர்த்து யார் வரப்போகிறார்கள்?”

தாது வாய்விட்டுச் சிரித்தார். “நாற்பது ஆண்டுகளாக இக்கதையைக் கேட்டு வருகிறேன். இக்கேள்வியை நான் கேட்டதேயில்லை!” பிறகு சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “இடப்புறம் ஒரு கதவு இருந்தால் வலப்புறமும் ஒன்று இருக்கவேண்டும் என்பது அக்கால ஐரோப்பியக் கட்டடக்கலையின் விருப்பம். கதவு தேவையில்லாத இடத்தில் கதவின் தோற்றத்தையாவது வைத்திருப்பார்கள்” என்றார்.

உண்மையும் அதற்கு அருகில்தான் இருக்கவேண்டும். 1765இல் வரி வாங்கும் உரிமை கம்பெனிக்குச் சென்றது. 1772இல் கருவூல அலுவலகம் முர்ஷிதாபாத்திலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. நீதி வழங்கும் அதிகாரமும் பின்னர்ப் போயிற்று. ஹுமாயூன் ஜா அரியணையில் அமர்ந்தபோது நவாப் என்பவர் ஓய்வூதியம் பெறும் ஒரு மன்னர்; அவ்வளவே. இத்துணைப் பெரிய அரசவைக் கூடத்தில் அமர்ந்து ஆணையிட அவரிடம் நாடு இல்லை. 1880இல் அவருடைய மகன் மன்சூர் அலி கான் வங்காள நவாப் என்னும் பட்டத்தையும் துறந்தார்.

மாளிகையில் ஒரு விந்தையான ஆடி உண்டு. அதன்முன் நிற்பவர் தம் முகத்தை அதில் காண இயலாது. பக்கத்தில் நிற்பவரின் முகமே தெரியும். இதில் மாயம் ஏதுமில்லை. ஒளி எந்தக் கோணத்தில் ஆடியில் படுகிறதோ அதே கோணத்தில் மறுபுறம் திரும்பும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தால் நம் முகத்தின் ஒளி நம்மிடம் திரும்பாமல் வேறுபக்கம் செல்லும்.

மௌமிதா அதன்முன் நின்று தன்னைத் தேடினாள். தெரிந்தது கயல்விழியின் முகம். கண்கள் சிவந்திருந்தன. காலையிலிருந்து அம்முகத்தை அவள் நேராகப் பார்க்கவேயில்லை.

“கோபமா?” என்று மெல்லக் கேட்டாள்.

“இல்லை.”

“இது மெய்க்கதவா, பொய்க்கதவா?”

கயல்விழி சிரிப்பை அடக்க முயன்றாள், முடியவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் காவலர் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்.

நண்பகலில் ஆற்றங்கரையில் அமர்ந்து புளியோதரையைப் பகிர்ந்து உண்டார்கள். காரம் தாங்காமல் தாது இருமுறை தண்ணீர் கேட்டார். ஆனால், மூன்றாம் முறையும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“மௌ, காலையில் நான் கதையை முழுவதும் சொல்லவில்லை” என்றார் அவர். “கிளைவ் கொல்கத்தாவுக்கு வந்த சில நாள்களில் இங்கேயே ஒரு புதிய சிப்பாய்ப் படையைத் திரட்டினார். அதற்கு ‘லால் பல்டன்’, அதாவது ‘செம்படை’ என்று பெயர். பலாசியில் அதுவும் நின்றது. கூலிக்குப் போன ஏழைகள் சென்னையிலும் இருந்தனர்; வங்காளத்திலும் இருந்தனர். மீர் ஜாபரோ கூலிக்குப் போனவர் அல்லர்.”

மௌமிதா தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். கயல்விழியின் தாய் பேச்சை எடுத்தார்.

“நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவள். பள்ளிக்குச் செல்லும் வழியில் சேப்பாக்கம் அரண்மனையின் செந்நிறச் சுவர்களை நாள்தோறும் பார்ப்பேன். அதுவும் ஒரு நவாபின் அரண்மனைதான். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768ஆம் ஆண்டளவில் கட்டியது.”

“அவரும் கிளைவிடம் தோற்றவரா, காகிமா?”

“இல்லை. அவர் கிளைவின் நண்பர். ஆங்கிலேயர் துணையால்தான் நவாப் ஆனார். அதற்காகப் பட்ட கடன் அவருடைய வாழ்நாளில் தீரவில்லை. 1801இல் நாட்டின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1855இல் கடைசி நவாப் பிள்ளையின்றி இறந்ததும் பட்டத்தையும் நீக்கியது. அரண்மனை அரசின் கைக்குச் சென்று அலுவலகங்களாயிற்று. அதன் ஒரு பகுதிக்கு ஹுமாயூன் மகால் என்று பெயர்.”

“ஹுமாயூனா? அங்குமா?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“பெயர் ஒற்றுமைதான். ஆனால், கதையும் ஏறத்தாழ ஒன்றே.”

“அங்கே பொய்க்கதவுகள் உண்டா?” என்றாள் மௌமிதா.

அவர் சற்று எண்ணிப் பார்த்தார். “நான் வெளிச்சுவரைத்தான் பார்த்திருக்கிறேன். நீ சென்னைக்கு வரும்போது நாம் மூவரும் சென்று எண்ணுவோம்.”

மாலை வண்டியில் கூட்டம் மிகுதி. தாது அமர்ந்தவுடன் உறங்கிவிட்டார். மௌமிதா குறிப்பேட்டை எடுத்து, அன்று கண்டவற்றை எழுதத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திக் கயல்விழியிடம் ஒரு சொல்லைத் தமிழில் எழுதித் தரக் கேட்டாள். கயல்விழி எழுதினாள். மௌமிதா அம்மூன்று எழுத்துகளையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒலித்துப் பார்த்தாள். நடு எழுத்து மட்டும் அவள் நாவில் சரியாக வரவில்லை.

இருட்டிய பிறகு வண்டி அச்சிறிய நிலையத்தில் நின்றது. விளக்கொளியில் பெயர்ப்பலகை தெரிந்தது.

“பலாசி” என்று வங்காளத்தில் படித்தாள் கயல்விழி.

“புரசு” என்றாள் மௌமிதா.

சொற்பொருள்

வழித்தோன்றல் – ஒரு குடும்பத்தின் பின்வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். உடன்படிக்கை – இருதரப்பும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். கருவூலம் – அரசின் பணம் காக்கப்படும் இடம். ஆடி – கண்ணாடி. பரிந்து பேசுதல் – ஒருவருக்கு ஆதரவாகப் பேசுதல்.

சிந்தித்து எழுதுக

1. பொய்க்கதவுகளுக்கு வழிகாட்டி கூறிய காரணத்தைக் கயல்விழி ஏன் ஏற்கவில்லை?
2. ‘மீர் ஜாபரோ கூலிக்குப் போனவர் அல்லர்’ என்று தாது கூறியதன் பொருள் யாது?
3. முர்ஷிதாபாத் நவாபும் ஆர்க்காட்டு நவாபும் ஆட்சியை இழந்த முறைகளை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
4. நீங்கள் வாழும் ஊரில் மரத்தால் பெயர்பெற்ற இடம் ஒன்றைக் கண்டறிக. அம்மரத்தின் தமிழ்ப்பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.