ஏழு மணி நேரம் யார் பார்த்தது?



ஜிஆர்பி 250702பி என்னும் காமா கதிர் வெடிப்பைப் பற்றிய தம்பியின் கட்டுரை கைக்கு வந்தது. காமா கதிர் வெடிப்பு என்றால் என்ன, குறுகியது நீண்டது என்று 2 வினாடியில் ஏன் கோடு கிழித்தார்கள் என்பதெல்லாம் இருவருக்கும் தெரிந்த சங்கதி. இந்தக் கிழவனின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே வாக்கியம்: ‘ஃபெர்மி தொலைநோக்கி ஏழு மணி நேரம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.’

இமைக்காமலா?

ஒன்றரை மணி நேரத்துக்கொரு முறை பூமியைச் சுற்றிவரும் கருவி அது. ஒவ்வொரு சுற்றிலும் வானத்தின் பெரும்பகுதியைச் சிறிது நேரம் பூமியே மறைத்துவிடும். தென் அட்லாண்டிக்குக்கு மேலே போகும்போது துகள்களின் தொல்லை தாங்காமல் உணரிகளை அணைத்துவைக்க வேண்டும். 2025 ஜூலை 2 அன்று ஃபெர்மியின் ஜிபிஎம் என்னும் காமா கதிர் உணரி சில மணி நேரத்துக்குள் மூன்று தடவை மணியடித்தது. பி, டி, ஈ என்று மூன்று பெயர்கள் விழுந்தன. மூன்றும் ஒன்றுதான் என்பது பிறகே தெளிவானது.

அந்த மணி எப்படி அடிக்கிறது என்பதைத் தம்பி அரை வரியில் தாண்டிவிட்டார். விஷயமே அங்கேதான் இருக்கிறது! 16 மில்லி வினாடியிலிருந்து சுமார் 8 வினாடி வரையிலான துண்டுகளில் வந்த ஒளித்துகள்களை எண்ணி, சற்று முன்பிருந்த பின்னணியோடு ஜிபிஎம் ஒப்பிடுகிறது. அந்தப் பின்னணியே சுமார் 17 வினாடிச் சராசரிதான். திடீரென்று எகிறினால் மணியடிக்கும். மெல்ல ஏறினால் பின்னணியும் கூடவே ஏறிவிடும். மின்விசிறி கொஞ்சங்கொஞ்சமாக வேகமெடுத்தால் அறையில் இருப்பவருக்குச் சத்தம் உறைக்காததைப் போல. ஸ்விஃப்ட் விண்கலம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது: 64 வினாடியோ அதற்கு மேலோ கதிரைச் சேர்த்து, படமாக்கி, புதிய புள்ளி உண்டா என்று தேடும். நீள வெடிப்புகள் அபூர்வம் என்று எழுதும் முன் கருவியின் பொறுமை எவ்வளவு என்று கேட்க வேண்டாமா?

2010 கிறிஸ்துமஸ் அன்று ஸ்விஃப்ட் பிடித்த நீள வெடிப்பு நினைவுக்கு வருகிறது. நம் பால்வீதியிலேயே ஒரு நியூட்ரான் விண்மீனில் வால்நட்சத்திரம் போன்ற சிறுபொருள் விழுந்தது என்றது ஒரு குழு. தொலைதூரத்தில் ஹீலியம் விண்மீனும் நியூட்ரான் விண்மீனும் இணைந்தன என்றது இன்னொன்று. இரண்டும் 2011 டிசம்பரில் ‘நேச்சர்’ ஆய்வேட்டின் ஒரே இதழில் வந்தன. அதை வைத்து டீக்கடையில் மூண்ட சண்டை இருக்கிறதே, மாஸ்டர் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லித்தான் கலைத்தார். அதே டிசம்பர் 9ஆம் தேதி ஜிஆர்பி 111209ஏ வந்து ஏழு மணி நேரம் எரிந்தது. அதன் பின்னால் ஒரு சூப்பர்நோவாவும் தெரிந்தது. கிறிஸ்துமஸ் வெடிப்போ பால்வீதியைத் தாண்டி மிகத் தொலைவில் நடந்தது என்று பின்னர் உறுதியானது.

ஆனால் தம்பியின் கட்டுரையில் ஐன்ஸ்டீன் ப்ரோப் விண்கலம் வரும் பகுதி! 250702பிக்கு முந்தின நாளே அதே இடத்தில் எக்ஸ் கதிர் தெரிந்திருந்ததைக் கட்டுரையின் பாதிவரை மூடிவைத்துத் திறந்திருக்கிறாரே, அபாரம். வெப் தொலைநோக்கி தூரத்தை அளந்ததும், சுமார் 800 கோடி ஆண்டுப் பயணம் என்று விரியும் பத்திக்கு ஈடாக அண்மையில் தமிழில் எதையும் படித்ததில்லை.

கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கும்போது ‘இமைக்காமல்’ போகட்டும். அந்த இடத்தில் கோனஸ்-விண்ட் வரட்டும். 1994இல் ஏவப்பட்ட ரஷ்ய உணரி, அமெரிக்க விண்கலத்தில் ஏறி, இப்போது பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. மறைக்கப் பூமி இல்லை, பின்னணியும் அலைபாயாது. 111209ஏ, ஸ்விஃப்ட் மணியடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது கோனஸ்-விண்டின் பதிவில்தான் தெரிந்தது. தம்பியின் வரைபடத்தில் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை.