அனனியா சொன்ன இரண்டு வருஷம்

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் நீ அழுத பிறகு அதற்குமேல் பேச்சை வளர்க்க எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் வேண்டியபோது எடுத்துப் படித்துக்கொள்வாய் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போயிருந்த ஜெபக்கூட்டத்தில் பிரசங்கியார் உன் தலையில் கைவைத்து, அடுத்த ஈஸ்டருக்குள் மடியில் பிள்ளை இருக்கும் என்றார். ஈஸ்டர் வந்து போய்விட்டது. “என் விசுவாசம்தான் போதவில்லையோ பெரியம்மா?” என்று கேட்டாய். இல்லை மகளே. ஆண்டவர் குறிக்காத தேதியை மனுஷர் ஒருவர் குறித்தார். அது நடக்காமல் போனதற்கு நீ கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை.

எரேமியா 28, 29 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பார். நாம் 29-இன் 11-ஆம் வசனத்தை மட்டும் வாக்குத்தத்த அட்டையில் எடுத்துச் சுவரில் மாட்டிவிடுகிறோம். அதற்கு முன்னால் நடந்ததைப் பார்ப்பதில்லை. இரண்டே வருஷத்தில் பாபிலோன் ராஜாவின் நுகம் முறியும், சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்கிறான். கேட்டவுடன் எரேமியாவே ஆமென் என்கிறார். அப்படி நடக்க வேண்டுமென்ற ஆசை அவருக்கும் இருந்தது. அனனியாவோ எரேமியா அடையாளமாகக் கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தே காட்டுகிறான். ஆனால் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் இருப்பது எழுபது வருஷம். வாசித்தவர்களில் வயதானவர்கள் தங்கள் ஊரை இனிமேல் பார்க்கப்போவதில்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் வீடு கட்டச் சொல்கிறார், தோட்டம் போடச் சொல்கிறார், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிக்கச் சொல்கிறார், அந்நிய ஊருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார். உன் சுவரில் இருக்கும் வசனம் இவ்வளவுக்கும் பிறகுதான் வருகிறது.

நீங்கள் இரண்டுபேரும் அனனியாவின் கணக்கை நம்பித் தோட்டம் போடாமல் இருக்கிறீர்கள். எம்.எட். படிப்பு குழந்தை வந்தபின், மாடியில் அறை எடுப்பது குழந்தை வந்தபின், அம்மாவை அழைத்துக்கொண்டு வேளாங்கண்ணிப் பக்கம் கடலைப் பார்க்கப் போவதுகூடக் குழந்தை வந்தபின். ஞாயிறு பள்ளி வகுப்பையும் விட்டுவிட்டாய். சிறுபிள்ளைகளைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்றால் இப்போதைக்கு அது வேண்டாம், கொயரில் பாடு. மற்றவற்றைத் தள்ளிப்போடாதே. நீ காத்திருக்கும் இந்த வருஷங்களும் ஆண்டவர் உனக்குக் கொடுத்த ஆயுசுதான்.

அன்னாளுக்குக் கொடுத்தவர் உனக்கும் கொடுப்பார் என்று சபையில் எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எனக்கு அன்னாளின் கதை வரும் அதிகாரத்தில் பிடித்த இடம் சாமுவேல் பிறப்பதற்கு முன்னால் இருக்கிறது. அவள் சாப்பிடாமல் கிடக்கிறாள், மனங்கசந்து அழுகிறாள். குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி நினைக்கும்போது, இல்லை என்று அவருக்கே மறுமொழி சொல்கிறாள். இருதயத்தில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிடுகிறாள். அதன்பின் அவள் முகத்தில் துக்கம் இல்லை. அப்போது கர்ப்பமும் இல்லை, குழந்தையும் இல்லை. பிள்ளை பெற்ற சக்களத்தி பெனின்னாளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அன்னாளுடைய பொறுமை எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். கசப்பையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல். சொல்லிவிட்டு வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ மெலிந்துபோனதாக உன் அம்மா சொல்கிறாள்.

டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர்தான். இருவரும் சேர்ந்தே பரிசோதனை செய்துகொள்ளுங்கள், குறை ஆண்களிடமும் இருக்கலாம். மருமகன் தயங்கினால் பெரியப்பாவைப் பேசச் சொல்கிறேன். சிகிச்சைக்கு எவ்வளவு செலவழிக்கலாம், எதுவரை போகலாம் என்பதை முதலிலேயே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடன் ஏறிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் அது சண்டையில்தான் முடியும்.

கேட்டது கிடைக்காமலே வாழ்ந்தவர்களும் உண்டு. நம் டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி உனக்குத் தெரியும். 1931-இல் களக்காட்டில் விழுந்து அடிபட்டபோது அவருக்கு வயது 63. பழையபடி நடமாடும் சுகம் கடைசிவரை கிடைக்கவில்லை. 1951 ஜனவரியில் கண்மூடும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார். அந்த அறையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். 1933-இல் வந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நோயாளிகளுக்கென்றே எழுதியது. சுகமாயிருப்பவர்கள் அனுப்பும் ஆறுதல், படுக்கையில் கிடப்பவர்களுக்கு எட்டுவதில்லை என்று அவர் கண்டிருந்தார்.

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். ஆகையால் என் வார்த்தையும் உனக்கு முழுவதும் எட்டாது என்று எனக்குத் தெரியும். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் குழந்தையில்லாமலே முதுமைக்கு வந்த ஒரு டீச்சர் இருக்கிறார்கள். கேட்கச் சகிக்காத கேள்விகளையெல்லாம் கேட்டு, அழுது, இன்றைக்கும் ஆராதனைக்கு முதல் ஆளாக வருகிறவர்கள். உன்னோடு பேச அவர்களுக்குச் சம்மதம். என்னிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லலாம். குழந்தை பிறக்கும் என்று எழுதித்தர என்னால் ஆகாது மகளே. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறேன். நாள்தோறும் காலை ஜெபத்தில் உங்கள் இருவர் பெயரையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

“விசேஷம் உண்டா?” என்று கேட்பார்களே என்று பயந்து சபை அசனத்துக்கு வராமல் இருந்துவிடாதே. என் பக்கத்திலேயே உட்கார், கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எம்.எட். விண்ணப்பத்துக்கு வேண்டிய உன் பழைய சான்றிதழ்கள் இங்கே பீரோவில்தான் இருக்கின்றன. எடுத்து வைக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்.

கர்த்தருக்குள்,
உன் பெரியம்மா