அம்பாங்கில் வீடு வாங்கி விற்கும் தொழில்: எந்த வழியில் நல்ல பெயர் நிற்கும்?

பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, சில மாதங்களில் கூடுதல் விலைக்கு விற்பவர்களைப் பற்றி மக்களிடம் நல்ல அபிப்பிராயம் இல்லை. விலையை ஏற்றிவிடுகிறார்கள், சாயம் பூசி விரிசலை மறைக்கிறார்கள் என்ற பேச்சே அதிகம். ஃபிளிப்பிங் எனப்படும் இந்தத் தொழிலில் அம்பாங் வட்டாரத்தில் இறங்க நினைப்பவர், எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்க்குமுன், அந்த இலாபம் எதற்காகக் கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். வாங்குபவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் எந்த வழியில் இருக்கிறதோ, அந்த வழியில்தான் பெயரும் நிற்கும், தொழிலும் நிற்கும்.

இந்தத் தொழிலில் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மலேசிய நாட்டுச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குபவருக்கு 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. அதற்குள் சுவர் வெடித்தாலும் கூரை ஒழுகினாலும் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றத்தில் முறையிடலாம். கைமாறிய வீட்டை விற்பவரிடம் இந்த இரண்டு உரிமைகளையும் கேட்க முடியாது. உள்ளது உள்ளபடியே என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. சட்டத்தின் காப்பு குறைவான இடத்தில் வாங்குபவர் பெரிதும் நம்ப வேண்டியிருப்பது விற்பவரின் நாணயத்தையே. அது பொய்த்துப்போன அனுபவங்கள் சேர்ந்துதான் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர் வந்தது.

முதல் வழி, கட்டி முடியாத புது கொண்டோமினியத்தை முன்பதிவு செய்து, சாவி கைக்கு வந்ததும் விற்பது. இதில் விற்பவர் வீட்டில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. விலையேற்றத்தை மட்டுமே நம்பியிருக்கிறார். கட்டுமானக் காலத்து வட்டியை மேம்பாட்டாளரே ஏற்கும் திட்டம் இருந்தபோது, கைப்பணம் அதிகம் இல்லாதவர்களும் பல வீடுகளைப் பிடித்துவைக்க முடிந்தது. 2014ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி என்றும் ஆக்கியது. அதற்கு முன்பே, 2010 நவம்பரில், மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 விழுக்காடு உச்சவரம்பை மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதித்திருந்தது.  முதல் வீடு தேடும் இளையவர்களுக்கு விலை எட்டாமல் போகிறது என்ற குற்றச்சாட்டு இந்த வழிக்கு முழுமையாகப் பொருந்தும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி லெலோங் எனப்படும் ஏல வீடு. கடன் கட்ட முடியாதவரின் வீட்டை ஏலத்தில் எடுப்பது பாவம் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். அந்த உணர்வை மதிக்கிறேன், ஆனால் முடிவை ஏற்கவில்லை. ஏலம் படியாமல் போனால் அடுத்த சுற்றில் ஒதுக்கு விலை இறங்கும். கடனாளியின் தலையில் மிஞ்சும் பாக்கிதான் கூடும். நியாயமான விலை கேட்பவர் அந்தச் சுமையைக் குறைக்கிறார். பெயர் கெடுவது பிறகு நடப்பதில்தான். குடியிருப்பவரை ஆள் வைத்து மிரட்டாமல், அவகாசம் கொடுத்து, தேவைப்பட்டால் நீதிமன்றம் வழியாக வெளியேற்ற வேண்டும். வீட்டின் உள்ளே பார்க்க முடியாமலேயே ஏலம் கேட்க நேரும் என்பதால், பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக் கட்டண பாக்கிக்கும் கையில் பணம் இல்லாதவருக்கு இது ஆபத்தான வழி.

மூன்றாவது, பண்டான் இண்டா போன்ற பழைய குடியிருப்புகளில் தரை வீடு வாங்கி, கூரை, மின்கம்பி, குழாய் எல்லாம் மாற்றி விற்பது. இங்கே இலாபம் உழைப்புக்கு வருகிறது. ஆனால் கணக்கு இறுக்கமானது. ஓர் எடுத்துக்காட்டாக, 4 லட்சம் வெள்ளிக்கு வாங்கி ஓராண்டில் 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு விற்பதாகக் கொள்வோம். சீரமைப்புக்கு 30,000, முத்திரை வரிக்கு 7,000, முகவருக்கு 3 விழுக்காட்டில் 14,400 போனால் 28,600 மிஞ்சும். அதில் 10,000 விலக்குப் போக மீதிக்கு வரி 5,580. நான்கு விழுக்காட்டு வட்டியில் 3 லட்சத்து 60 ஆயிரம் கடன் என்றால் ஓராண்டு வட்டியே ஏறக்குறைய 14,400. கடைசியில் கையில் நிற்பது 9,000க்கும் குறைவு. வழக்கறிஞர் கட்டணமும் அதிலிருந்துதான். குழாயை மாற்றாமல் டைல்ஸ் மட்டும் ஒட்டும் சபலம் இந்த இறுக்கத்தில்தான் பிறக்கிறது.

குறையைச் சொன்னால் விலை விழும், பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்று வாதிடுவோர் உண்டு. விலை சற்று விழும் என்பது உண்மைதான். ஆனால் தெரிந்தே மூடிமறைப்பதை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் மோசடி என்கிறது. உள்ளது உள்ளபடியே என்ற ஒரு வரியை நம்பி யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அம்பாங்கில் இன்னொரு காரணமும் உண்டு. 1993 டிசம்பர் 11 அன்று மண்சரிவில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். அது தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008இல் புக்கிட் அந்தாராபங்சாவிலும் மண் சரிந்தது. இத்தகைய வட்டாரத்தில் வடிகால் அடைப்பையும் தடுப்புச் சுவர் விரிசலையும் சொல்லாமல் விற்பது, உயிரை வைத்து ஆடும் வியாபாரம்.

நான்காவது வழி, செப்பனிட்ட வீட்டை வாடகைக்கு விட்டு ஆறாம் ஆண்டில் விற்பது. மலேசியக் குடிமகனுக்கு அப்போது ஆதாய வரி இல்லை. தாம் செய்த வேலை எப்படித் தாங்குகிறது என்பதை வாடகைக் காலமே காட்டிவிடும். வாடகையும் தவணையும் ஏறக்குறைய ஈடாகும் வீடு கிடைத்தால், புதிதாக வருபவருக்கு இதுவே சிறந்தது. அனுபவமும் நம்பகமான கொத்தனாரும் உள்ளவர் மூன்றாவது வழியில் போகலாம். கைப்பணமும் பொறுமையும் உள்ளவர் லெலோங்கைப் பார்க்கலாம். அடிக்கடி வாங்கி விற்றால் வருமான வரி வாரியம் அதை வியாபாரமாகவே கருதக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்த வழியானாலும், சீரமைப்புக்கு முன் எடுத்த படங்கள், ரசீதுகள், நகராண்மைக் கழக அனுமதி, மீதமிருக்கும் குறைகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரு கோப்பாக்கி வாங்குபவர் கையில் கொடுங்கள். அந்தக் கோப்பைக் கொடுக்கத் தயங்க வைக்கும் வீடு எதுவானாலும், அதை வாங்காமல் விடுவதே நல்ல வியாபாரம்.